கை நனைக்காத வீடு

மார்கழி மாதத்தில் பெண் பார்க்கப் போகக் கூடாது. இது உமாபதிக்குத் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியும். திருநெல்வேலி டவுனில் இருக்கும் சிதம்பரம் மாமாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரியாதவர்கள் ஹனோவர்க்காரர்கள்தான். அவர்கள் பாட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு, வேலை மும்முரமாக நடக்கிற ஜனவரிக் கடைசியில், "இப்போது உனக்கு எதற்கு லீவு?" என்று கேட்டால் ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வான்? தை பிறக்க வேண்டியிருந்தது ஐயா என்று ஒரு ஜெர்மன் பேராசிரியரிடம் யாராவது சொல்லிப் பார்க்கட்டும், பார்ப்போம்.

உமாபதி சொல்லவில்லை. குடும்ப விஷயம் என்று மென்று முழுங்கினான். பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐந்து நாள் கொடுத்தார். அது அறுபத்தெட்டாம் வருஷம். உமாபதிக்கு வயது முப்பத்தொன்று.

அவன் ஹனோவருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேலை அலைகளோடு. ஒரு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளுகிற பலகை. மறுமுனையில் பொம்மை மாதிரி ஒரு துறைமுகச் சுவர். பலகை தள்ளும், அலை எழும், சுவரில் போய் மோதும், இவன் உயரத்தை அளந்து எழுதிக்கொள்வான். காலை எட்டு மணி முதல் சாயங்காலம் வரை இதுதான். பக்கத்து மேஜைக்காரர் காலையில் ஒரு வணக்கம் சொல்வார், மாலையில் ஒரு வணக்கம் சொல்வார். கெட்ட மனுஷர் இல்லை, பேச்சு அவ்வளவுதான். ஒரு நாள் அலை கொஞ்சம் வேகமாக வந்தபோது உமாபதி தன்னையறியாமல், "மெதுவா, மெதுவா. என்ன அவசரம் இப்பம்?" என்று தொட்டியைப் பார்த்துத் தமிழில் கேட்டுவிட்டான். கேட்ட பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். அன்று அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தபோது, இப்படியே போனால் நமக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவனுக்கே பயமாக இருந்தது.

தமிழ் பேச ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. பாஸ்கரன் என்று மெட்ராஸ்காரன் ஒருவன் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தான். ஆனால் பாஸ்கரன் நாலு பேரோடு கலகலவென்று திரிகிறவன். பனிச்சறுக்கு என்பான், நடனம் என்பான், ஞாயிற்றுக்கிழமை அவனைப் பிடிக்க முடியாது. ஹனோவரில் ஞாயிற்றுக்கிழமை என்பது கடை அடைத்த தெருவும், மேல்மாடி ஜன்னலும், நாலு உருளைக்கிழங்கை வேகவைத்து உப்புத் தொட்டுக்கொள்வதும்தான் உமாபதிக்கு. சுத்த சைவம். மூன்று வருஷமாக உருளைக்கிழங்கு.

இந்த லட்சணத்தில்தான் மாமாவின் கடிதம் வந்தது. அப்பா இல்லாத வீடு. மாமா வைத்ததுதான் சட்டம். அதில் இப்படி இருந்தது:

"தென்காசி வக்கீல் சந்திரமௌலிப் பிள்ளையின் மகள் கனகவல்லி. மெட்ராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கிலாந்தில் யார்க் என்ற ஊரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வயது இருபத்தெட்டு. ஜாதகம் பொருந்தியிருக்கிறது. நீங்கள் இருவரும் பக்கம் பக்கமாக இருப்பதால் நீயே போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. தை பிறந்த பிறகு போ. பெண்ணிடம் எந்த வாக்கும் கொடுக்காதே. காபி, பலகாரம் சாப்பிட்டால் பாதகமில்லை. சோறு மட்டும் கூடாது. பேச வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அதற்குள் நீ அங்கே கை நனைத்துவிட்டால் எல்லாம் முடிந்த மாதிரி ஆகிவிடும். ஞாபகம் இருக்கட்டும்."

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். பக்கம் பக்கமாம்! மாமாவுக்கு ஜெர்மனியும் இங்கிலாந்தும் டவுனும் பாளையங்கோட்டையும் மாதிரி, நடுவில் ஒரு பாலம்தான்.

நடுவில் இருந்தது கடல். மூன்று வருஷமாக அலையை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நிஜ அலையைக் கண்டதும் சுருண்டுவிட்டான். ஹாலந்துக் கரை மறைவதற்குள் ஆரம்பித்த வாந்தி இங்கிலாந்து போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. இறங்கி இரண்டு ரயில் மாறி, சனிக்கிழமை காலையில் யார்க் ஸ்டேஷனில் அவன் இறங்கியபோது வயிறு காலிப் பானையாக இருந்தது. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அதில் எதுவும் தங்கவில்லை.

தங்கும் விடுதிக்காரி கதவைத் திறந்து, அவன் பெட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஜனவரியிலா?" என்றாள். கோடையில் வருவார்கள், ஈஸ்டருக்கு வருவார்கள், ஜனவரியில் யாரும் வந்து இவள் பார்த்ததில்லையாம். எட்டு அறை விடுதியில் அவன் ஒருத்தன்தான். காலைச் சாப்பாடு நாளையிலிருந்துதான், இன்றைக்குச் சமையற்காரி இல்லை என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். உமாபதி வெந்நீரில் முகம் கழுவி, இருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தலை வாரினான்.  

கனகவல்லி குடியிருந்த வீடு பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே, ஒரு நீளத் தெருவில் இருந்தது. வீட்டுக்காரி மிஸஸ் பிக்கரிங் என்று ஒரு கிழவி. மாடி அறையைக் கனகவல்லிக்கு விட்டிருந்தாள். சமையலறை கீழே, இருவருக்கும் பொது. உமாபதி மணியடித்ததும் கதவைத் திறந்தது கனகவல்லிதான். அரக்குச் சேலை, அதற்கு மேலே தடித்த கம்பளிச் சட்டை, காலில் உறை. நல்ல உயரம். மாநிறம்.

"வாங்க. உள்ள வாங்க. வெளிய நின்னா விறைச்சிருவீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அந்த 'விறைச்சிருவீங்க'வில் உமாபதி விழுந்தான். மூன்று வருஷம் கழித்து, தாமிரபரணித் தண்ணி குடித்த ஒரு குரல். பெண்ணை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே அவன் சம்மதித்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். நிமிர்ந்து பார்த்த பிறகு கேட்கவே வேண்டாம்.

உள்ளே கணப்புப் பக்கத்தில் மிஸஸ் பிக்கரிங் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். "பெரியவங்க யாராவது இருக்கணும்லா? நமக்கு இவங்கதான் பெரியவங்க. நாலு மணி வரைக்கும் இருங்கன்னு கேட்டு வச்சிருக்கேன்" என்று கனகவல்லி சிரித்தாள். கிழவியும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினாள். உமாபதி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பேச்சு வந்தது. எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், குற்றாலத்தில் சாரல் எப்போது நின்றது என்றெல்லாம் பேசினார்கள். அலைத் தொட்டியோடு தமிழ் பேசியதைக்கூட அவன் சொல்லிவிட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "நான் பிணத்துகிட்ட பேசியிருக்கேன். காலேஜ்ல" என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கனகவல்லி எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள், வாசனை வந்தது.

இஞ்சி. தேங்காய்ப்பால். நெய்யில் பொரிந்த சீரகம். உமாபதிக்கு ஒரு நிமிஷம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்: வெள்ளைப் பீங்கானில் பொலபொலவென்று சோறு. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். நடுவில் பெரிய சட்டியில் இளமஞ்சளாக, ஆவி பறக்க, சொதி.

சொதி என்றால் சும்மா ஒரு குழம்பு இல்லை. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் புது மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு அது. அன்றைக்குச் சொதி இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் பேச்சு வந்துவிடும்.

அவன் முகம் மாறியதைப் பார்த்தோ என்னவோ, கனகவல்லி அவசரமாக, "பிராட்ஃபோர்டு மார்க்கெட்ல தேங்காய் வந்திச்சு. ஒரு நர்ஸ் வாங்கிட்டு வந்து குடுத்தா. அதான் வச்சேன். வேற ஒண்ணும் இல்ல" என்றாள். காது மடல் சிவந்திருந்தது. "கை கழுவிட்டு வாங்க."

இப்போது நம்ம ஆள் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து போய்க் கை கழுவியிருக்க வேண்டும். வயிறு கெஞ்சுகிறது, மனசு எப்போதோ சரி என்று சொல்லிவிட்டது, எதிரே நிற்கிற பெண் ஒரு தேங்காயை இரண்டு மணி நேரம் துருவிப் பால் எடுத்திருக்கிறாள். ஆனால் மாமா போட்ட இரண்டு கோடும் அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இந்த நல்ல இடம் நம்முடைய அவசரத்தால் கெட்டுவிடக் கூடாது, முறைப்படி நடக்கட்டும் என்று நினைத்தான் மடையன். அவளுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

"நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றான்.

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. "எங்க?"

"விடுதியில."

"இன்னைக்கா?"

"ஆமா. நிறையச் சாப்பிட்டுட்டேன். காபி மட்டும் குடுங்க, போதும்."

சொல்லி வாயை மூடவில்லை, அவன் வயிறு ஒரு சத்தம் போட்டது. சின்னச் சத்தம் இல்லை. மிஸஸ் பிக்கரிங் பின்னுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். உமாபதி தரையைப் பார்த்தான். கனகவல்லி கரண்டியைச் சட்டிக்குள் வைத்து, தட்டைப் போட்டு மூடி, உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள். காபி நன்றாக இருந்தது. அதையும் அவன் சொல்லவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே ஊரைப் பார்த்துவிடலாம் என்று அவள்தான் கிளம்பினாள். பெரிய தேவாலயத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். நடுக்கோபுரம் உட்காருகிறதென்று அடியில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உமாபதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அஸ்திவாரம் எப்படி அமுங்கும், தண்ணீர் எப்படி மண்ணை அரிக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். அவள் டாக்டர் நோயாளியிடம் கேட்கிற மாதிரி பொறுமையாகக் கேட்டாள். நாளை எனக்கு டூட்டி, வர முடியாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் ஆஸ்பத்திரிக் கேன்டீனையும் மூடிவிடுவார்கள், வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணிதான் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். தெருமுனையில் பிரியும்போது அவன் தைரியத்தை எல்லாம் கூட்டி, "ஊர்லேர்ந்து மாமா எழுதுவாங்க" என்றான். அவன் வரையில் அது கல்யாண நிச்சயத்துக்குச் சமம்.

"ஓகோ. எழுதட்டும்" என்றாள் அவள். "பாத்துப் போங்க. தரை வழுக்கும்."

மறுநாள் முழுக்க அவன் தன்னந்தனியாக யார்க்கைச் சுற்றினான். கோட்டைச் சுவர்மேல் நடக்கப் போனால் பனி உறைந்திருக்கிறது என்று ஒரு பக்கத்தை அடைத்திருந்தார்கள். ஆற்றங்கரைக்குப் போனால் ஆறு கரையைத் தாண்டி வந்து பெஞ்சுகளை முழங்கால் வரை நனைத்துக்கொண்டிருந்தது. வீடுகள் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி சாய்ந்த ஒரு பழைய சந்தில் டீக்கடை நாற்காலிகளெல்லாம் மேஜைமேல் தலைகீழாகக் கிடந்தன. பொருட்காட்சிசாலையில் அவன் ஒருவனுக்காகக் காவல்காரர் அறை அறையாக விளக்கைப் போட்டு, அவன் தாண்டியதும் அறை அறையாக அணைத்துக்கொண்டு வந்தார். "கோடையில் வந்திருக்கலாமே" என்றார் அவரும். ஒரு கடை வாசலில் நின்று காய்ந்த ரொட்டியைத் தின்றபோது, அடுத்த கோடையில் இரண்டு பேராக வருவோம் என்று உமாபதி மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டான். ஊரே அடைத்துக் கிடந்தது. நம்ம ஆள் தலை கால் புரியாத சந்தோஷத்தில் நடந்துகொண்டிருந்தான்.

ஹனோவருக்குத் திரும்பிய அன்றே மாமாவுக்கு எழுதினான். "எனக்குப் பூரண சம்மதம். தாங்கள் சொன்னபடி கை நனைக்கவில்லை." அதையும் பெருமையாக எழுதினான்.

பிறகு காத்திருந்தான். பலகை தள்ளியது, அலை எழுந்தது. மாசி பிறந்தது. ஊர் நடுவில் இருந்த ஏரி கெட்டியாக உறைந்து ஜனங்கள் அதன்மேல் நடந்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் தபால் பெட்டியில் நீலக் கடிதம் கிடந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டிலேயே நின்று பிரித்தான்.

"உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் தென்காசியிலிருந்து வக்கீலே நேரில் வந்துவிட்டார். அவர் மகள் எழுதியிருக்கிறாளாம்: 'மாப்பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை. பசியோடு வந்தவர் பசியோடு எழுந்து போனார். இதற்கு முன்னால் ஐந்து பேர் வந்து பார்த்தார்கள், அவர்களாவது பஜ்ஜி தின்றார்கள். இனிமேல் யாரையும் அனுப்ப வேண்டாம் அப்பா.' வக்கீல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். நானும் பிடித்து வைக்கவில்லை. நீ சோறு சாப்பிடாமல் வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். உன் சம்மதத்தை இனி நாமாகப் போய்ச் சொன்னால் நன்றாக இருக்காது. நம் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. கோவில்பட்டியில் வேறொரு ஜாதகம் வந்திருக்கிறது."

உமாபதி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து பேர். பெரியவர்களுக்குப் பதிலாக ஒரு கிழவியைக் கெஞ்சி உட்காரவைத்து, ஒரு தேங்காயை எங்கிருந்தோ வரவழைத்து, காது சிவக்க நின்றவளை ஆறாவது ஆளாகப் போய் இவன் அடித்துவிட்டு வந்திருக்கிறான். பொய்யும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.  மேலே அறைக்குப் போகப் பிடிக்கவில்லை; போனால் அங்கே உருளைக்கிழங்கு இருக்கும்.

பாஸ்கரன் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினான். பாஸ்கரன் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "வெயிட், வெயிட். அந்தப் பொண்ணு உனக்காகக் குக் பண்ணி வச்சா. உனக்கும் பசி. நீ சாப்பிடலை. ஏன்னா, திருநெல்வேலியில உங்க மாமாவுக்குப் பிடிக்காது. கரெக்டா?" என்றான்.

"கரெக்ட்."

"அடப்பாவி" என்றான் பாஸ்கரன். "அவ கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

உமாபதி தன் அறைக்கு வந்து நாலு கடிதம் எழுதினான், நாலையும் கிழித்தான். காகிதத்தில் என்ன எழுதினாலும் அது இன்னொரு 'மாமா எழுதுவாங்க' மாதிரியே இருந்தது. மறுநாள் பேராசிரியர் முன்னால் போய் நின்றான். "மறுபடியும் குடும்ப விஷயமா?" என்றார் அவர். "இல்லை. இது என் விஷயம்" என்றான் உமாபதி.

இந்த முறை கடலில் வாந்தி எடுத்ததை அவன் கவனிக்கக்கூட இல்லை. பிப்ரவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அதே கதவுக்கு முன்னால் பெட்டியோடு நின்றான். கதவு திறந்தது. கனகவல்லி வெளியே கிளம்பத் தயாராகக் கோட்டும் கையுறையுமாக நின்றாள். அவனைப் பார்த்ததும் முகத்தில் எதுவும் தெரியாமல் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

கப்பலிலும் ரயிலிலும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பு வாசகம் முழுக்க அவனுக்கு மறந்துபோயிற்று.

"பசிக்குது" என்றான்.

அவள் அவன் பெட்டியைப் பார்த்தாள். "உங்க மாமா என்ன சொல்லுதாங்க?"

"மாமா திருநெல்வேலியில இருக்காங்க. பசிக்கது எனக்கு. அன்னைக்கும் பசிச்சுது. நான் பொய் சொன்னேன்."

"தெரியும். உங்க வயிறே சொல்லிச்சே. மிஸஸ் பிக்கரிங்குக்குக்கூடத் தெரியும்" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க போனப்புறம் அந்தச் சொதியை நானும் அவங்களும் மூணு நாள் வச்சுச் சாப்பிட்டோம். கொட்ட மனசு வரல. மூணாம் நாள் எனக்குத் தொண்டையில இறங்கல."

உமாபதி தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்றாள். இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள். "அரிசி கீழ் அலமாரியில இருக்கு. பருப்பு இருக்கு. பசிச்சா நீங்களே சமைங்க. எனக்கும் சேர்த்து வைங்க. ஆறரைக்கு வந்து பாக்கேன்."

அவள் போய்விட்டாள். நன்றாக யோசித்துப் பாருங்கள்: பெண் பார்க்க வந்தவனைச் சமைக்கச் சொல்லிவிட்டு, தான் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பெண் போய்விட்டாள். நாலு ஜில்லாவில் கேள்விப்பட்டதுண்டா?

மிஸஸ் பிக்கரிங் ஒன்றும் கேட்காமல் சமையலறையைக் காட்டினாள். உமாபதிக்குத் தெரிந்த சமையல் உருளைக்கிழங்கை வேகவைப்பது. அதைச் செய்தான். பிறகு சோறு வைத்தான், அடி பிடித்தது. பருப்பை வேகவைத்து, கண்டெடுத்த பொடிகளையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் போட்டான். உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தது, போட்டான். கிழவி உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் உரித்துக் கொடுத்தாள். நாலு மணிக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் பூத்துவிட்டது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கோ தேவாலய மணி மட்டும் வெகுநேரம் அடித்தது. அவன் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடவில்லை. அன்று அவளும் இப்படித்தான் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, வாசல் மணிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேல் வெறுப்பாக வந்தது.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. கனகவல்லி கோட்டைக் கழற்றி மாட்டினாள். முகம் களைத்திருந்தது. மேஜையைப் பார்த்தாள்: அடிபிடித்த சோறு, மஞ்சளாக ஏதோ ஒரு பருப்பு, உருளைக்கிழங்கு. எதிரெதிரே இரண்டு தட்டு.

"நான் ஆஸ்பத்திரியிலேயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

அது எப்படி வலிக்கும் என்று உமாபதிக்கு அப்போதுதான் தெரிந்தது.  ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேன்டீன் கிடையாது. அவள் வாயாலேயே சொன்னது. அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சலாமா, காலில் விழலாமா என்று அவனுக்குத் தோன்றியது. எதற்கும் தனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது.

"சரி" என்றான். "நான் சாப்பிடுதேன். எனக்குப் பசிக்குது."

சமையலறைக் குழாயில் கை கழுவினான். தண்ணீர் ஐஸாக இருந்தது. வந்து உட்கார்ந்து, சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றிப் பிசைந்து, அந்த வீட்டில் முதல் தடவையாகக் கை நனைத்தான். வாயில் வைத்ததும் தெரிந்தது, உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறான் என்று. முழுங்கினான். அடுத்த வாயும் எடுத்தான். கண்ணிலிருந்து தண்ணீர் தட்டிலேயே விழுந்தது; துடைக்கிற கையில் சோறு. தலையை நிமிர்த்தவில்லை. இனி ஹனோவருக்குப் போய் அந்தத் தொட்டிக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான், அதற்குமுன் இந்தத் தட்டை மட்டும் காலி பண்ணிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். கணப்புப் பக்கத்தில் பின்னல் ஊசிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

எதிர் நாற்காலி இழுபட்டது. ஈரக்கை ஒன்று சோற்றுப் பாத்திரத்தை அந்தப் பக்கம் நகர்த்தியது. கனகவல்லி பிசைந்து ஒரு வாய் வைத்தாள், மென்றாள், முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு ரொம்ப ஜாஸ்தி" என்றாள். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றிக்கொண்டாள்.